மூண்டாவது புஷ்

இருங்கோ அண்ணை, இருங்கோ. ஐயோ, அந்த வாளியில இருக்காதையுங்கோ, அதுக்குள்ள பழைய ஒயில். உந்தக் கதிரையில இருங்கோ. சீற் கிழிஞ்சிருந்தாலும் கால் உறுதி. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், இது கராஜ், கோயில் இல்லை. மனிசி உள்ளுக்குத் தேத்தண்ணி போடுறா, இப்ப வரும்.

ரொறன்ரோவில இருந்து ஒன்பது மணித்தியாலம் இந்தப் பனிக்குள்ள கார் ஓடி வந்திருக்கிறியள். தங்கச்சியின்ர பிள்ளைக்கு மாப்பிள்ளை விசாரிக்க. நல்லது. தாய்மாமன் எண்டால் அப்பிடித்தான் இருக்க வேணும். போனில கேட்டால் சனம் பொய் சொல்லும். நேரில வந்து முகத்தைப் பாத்துக் கேட்டால்தான் உண்மை வரும். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறியள். தவயோகனைப் பற்றி என்னை விட ஆருக்குத் தெரியும்? நாலு வரியம் இந்தக் கராஜில, இந்த மேசையில, எனக்குப் பக்கத்தில நிண்டு வேலை செய்தவன். ஊர், தாய் தேப்பன், மற்ற மற்ற விசயமெல்லாம் வர முதலே விசாரிச்சிருப்பியள், அதை நான் சொல்லத் தேவையில்லை. நான் ஆளைப் பற்றிச் சொல்லுறன்.

சுருக்கமாச் சொன்னால், ஆள் சரியில்லை.

ஏன் எண்டு கேக்கிறியள். கேளுங்கோ, அதுக்குத்தானே வந்தனியள். குடி இல்லை. சீட்டு இல்லை. பொம்பிளைச் சேட்டை எண்டும் சொல்ல ஏலாது, அது ஒரு விசயம் இருக்கு, பேந்து சொல்லுறன். உதெல்லாம் இருந்தால் கூட மனிசன் எண்டு விடலாம். இவன்ர பிரச்சினை வேற. இவன் ஒரு மினக்கேடு. பத்து நிமிசத்தில முடியிற வேலையை ரெண்டு நாள் செய்வான். ஒரு நட்டைக் கழட்ட முதல் அதைத் துடைப்பான். கழட்டிப் போட்டுத் துடைப்பான். பூட்ட முதல் திருப்பியும் துடைப்பான். எனக்குப் பாத்துக்கொண்டு நிக்கவே விசர் வரும். கலியாணம் கட்டினால் உங்கட பிள்ளை ஒரு கோப்பை கழுவி வைக்க ஏலாது, அவன் பின்னால வந்து திருப்பிக் கழுவுவான்.

நான் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாதுதானே. ஊரில பதினெட்டு வரியம் லொறிக் கராஜ். லொறி முன்னால வந்து நிக்கிற சத்தத்திலயே எந்தப் பெயாரிங் போயிட்டுது எண்டு சொல்லுவன். இஞ்ச வந்தும் அப்பிடித்தான். இந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் எல்லாம் என்னை மேக் எண்டுதான் கூப்பிடுறவை. மகேந்திரராசா எண்டு சொல்ல அவைக்கு நாக்கு வளையாது. மேக்கிட்டக் குடுத்தால் அண்டைக்கே வேலை முடியும், இது பேர். இந்தப் பேரை எடுக்க நான் எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமோ? அதைக் கெடுத்தவன் அவன்.

மேசையில கிடக்கிறதைப் பாக்கிறியள் என்ன? இது என்ர சொந்த ஸ்னோமொபைல், பனிக்கு மேல ஓடுற மெசின், அதின்ர செயின் பெட்டி. சும்மா கழட்டிப் பாக்கிறன், பெரிய விசயம் இல்லை. மகள் ஆரணி இதிலதான் போய் வாறவள். ஏரிக்கு அந்தக் கரையில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனால் வெள்ளிக்கிழமை வருவாள். ரோட்டால சுத்திப் போனால் தொண்ணூறு கிலோமீற்றர், அதுவும் பனி கொட்டினால் மூடிப் போடுவாங்கள். உறைஞ்ச ஏரிக்கு மேலால போனால் பதினாலு. எல்லாச் சனமும் ஏரியாலதான் போறது. இந்தக் கிழமை பள்ளிக்கூடம் லீவு, அதாலதான் மெசின் என்ர கையில.

கையில எடுத்துப் பாருங்கோ, பயப்படாதையுங்கோ, கடிக்காது. எஞ்சின் சுத்துற பலத்தை இந்தச் செயின்தான் கீழ கொண்டுபோய் பெல்ட்டைச் சுத்த வைக்கிறது. மேல ஒரு கியர், கீழ ஒரு கியர், நடுவில செயின். பின்னுக்குப் போற வசதி உள்ள மெசினில மேல் கியர் ஷாஃப்டோட ஒட்டி இருக்காது. கியருக்கும் ஷாஃப்டுக்கும் இடையில ரெண்டு வெண்கல வளையம் இருக்கும், அந்தப் பக்கத்தால ஒண்டு, இந்தப் பக்கத்தால ஒண்டு. அதுதான் புஷ். கியர் அதுக்கு மேலதான் சுத்தும். புஷ் தேய்ஞ்சால் கியர் ஆடும். அவ்வளவுதான் விசயம். ஒரு மோதிரம் அளவு சாமான். இந்த மோதிரத்துக்காகத்தான் தவயோகன் எண்ட அந்தப் பெரிய மனிசன் என்னோட கோவிச்சுக்கொண்டு போனவர்.

அந்த ரெண்டு வளையத்தையும் விடுங்கோ, அது கழிவு. வாய் நசிஞ்சு போச்சு. நேற்று வந்த புதுசுதான். இப்ப வாற சாமான் ஒண்டும் தரமில்லை, ஒரு தட்டுத் தாங்காது.

இந்தாங்கோ தேத்தண்ணி. சீனி காணுமோ? சரி.

மூண்டு வரியத்துக்கு முதல், மாசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. றேமோன் எண்டு ஒரு கிழவன், அக்கரையில இருக்கிறவன், பொறி வைச்சு மிருகம் பிடிக்கிறவன். மனிசியையும் ஏத்திக்கொண்டு சாமான் வாங்க ரவுணுக்கு வந்திட்டு, மெசினில டக் டக் எண்டு சத்தம் வருகுது எண்டு என்னட்டக் கொண்டு வந்தான். மனிசிக்குப் பேர் கொலெத். நல்ல மனிசி, வாயே மூடாது. மத்தியானத்துக்குள்ள திரும்பிப் போகவேணும் எண்டவை. நான் காது குடுத்துக் கேட்டன். கேட்ட உடனயே சொல்லிப்போட்டன், செயின் தொய்ஞ்சு போச்சு, இழுத்து விட்டால் சரி. கால் மணித்தியால வேலை.

இவன், தவயோகன், கீழ குந்தி ஒயிலை வடிக்கிறான். ஒயில் வடிக்கிற ஓட்டையின்ர மூடியில ஒரு காந்தம் இருக்கும் அண்ணை. உள்ளுக்கு ஏதும் இரும்பு தேய்ஞ்சால் அந்தத் தூள் காந்தத்தில ஒட்டும். நான் காந்தத்தைப் பாத்தன். சுத்தம். மயிர் அளவு தூள் இல்லை. பார், ஒண்டும் தேயயில்லை எண்டன். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லுவான். இவன் எழும்பிப் போய், கோப்பி வடிக்கிற வெள்ளைக் கடதாசி ஒண்டை எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கறுத்த ஒயிலை அதுக்குள்ள ஊத்தி வடிக்கிறான். நான் கேட்டன், என்ன தம்பி, குடிக்கப் போறியோ எண்டு. அரை மணித்தியாலம் அது சொட்டு சொட்டா வடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டவன். பேந்து கடதாசியை லைற்றுக்குக் கீழ விரிச்சு எனக்குக் காட்டினான். தங்கத்தூள் மாதிரி மினுங்குது.

"வெண்கலம் அண்ணை. காந்தத்தில ஒட்டாது. புஷ் போயிட்டுது" எண்டான்.

நான் சொன்னன், நகை செய்யப் போறியோ எண்டு. பக்கத்தில நிண்ட கிழவன் சிரிச்சான், என்னத்துக்கு எண்டு விளங்காமலே சிரிச்சான். இவன் கியரை ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டிக் காட்டுறான். ஆடினதுதான். நான் இல்லை எண்டு சொல்லயில்லை. கொஞ்சம் ஆடும், இந்த உலகத்தில ஆடாத கியர் எங்க இருக்கு? இவன் சொல்லுறான், "இப்ப செயினை இழுத்தால் தேய்ஞ்ச பக்கத்தில இன்னும் அழுத்தும். கியர் சரியும். ஏரியில வைச்சுச் செயினை அறுக்கும். ரெண்டு நாள் தாங்கோ, லேத்தில நானே புஷ் கடைஞ்சு போடுறன்." ரெண்டு நாளாம். பக்கத்தில வாடிக்கையாளர் நிக்கிறான், மனிசி சாமான் பையோட நிக்கிறா, மேக் எண்டால் அண்டைக்கே வேலை முடியும் எண்டு பேர், இவன் ரெண்டு நாள் எண்டு வாடிக்கையாளருக்கு முன்னால சொல்லுறான். தமிழிலதான் சொன்னவன். இருந்தாலும் சொன்னவன்தானே.

அவன் பின்னுக்குச் சாப்பிடப் போன நேரம் நான் செயினை இழுத்து, புது ஒயில் விட்டு, மூடிக் குடுத்திட்டன். பதினைஞ்சு நிமிசம். சத்தம் நிண்டுட்டுது! அதைக் கேளுங்கோ, சத்தம் நிண்டுட்டுது. கிழவன் எனக்குக் கை குடுத்தான். கொலெத் கன்னத்தில கொஞ்சினா, அவை அப்பிடித்தான், பிரெஞ்சுக்காரர். போயிட்டினம்.

இவன் சோத்துக் கையோட வந்தான். மெசின் நிண்ட இடம் வெறுமையா இருக்கு. என்னைப் பாத்தான். ஏதும் சொல்லுவான், நானும் நாலு குடுக்கலாம் எண்டு நிண்டன். வாயில விரலை வைச்சாலும் கடிக்கத் தெரியாதவன் மாதிரி நிண்டிட்டு, கையைக் கழுவினான். என்ர மனிசி எனக்குப் போட்டு வைச்ச தேத்தண்ணிப் பிளாஸ்க்கை எடுத்தான். கதவில தொங்கின ரெண்டு கம்பளியை எடுத்தான், கயிறு எடுத்தான், பனியில இழுத்துக்கொண்டு போற சிலெட்டைக் கொழுவினான். பிறகு என்ர மெசினில, இந்தா இந்த மெசினில, ஏறிப் போனான். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டவனோ? கேக்கயில்லை. என்ர மெசின், என்ர பெற்றோல், என்ர தேத்தண்ணி. அண்டைக்கு எனக்குப் பத்தி எரிஞ்சது. இப்ப நினைச்சாலும் எரியுது. ஒரு முதலாளிக்குக் குடுக்கிற மரியாதையோ அது? உங்கட பிள்ளையைக் கட்டிப்போட்டு உங்கட வீட்டுக்கு வந்து உங்கட காரை எடுத்துக்கொண்டு போனால் நீங்கள் என்ன செய்வியள்?

ஓம், றேமோன்ர மெசின் நிண்டதுதான். ஒன்பதாவது கிலோமீற்றரில, தீவுக்குக் கிட்ட. செயின் அறுந்து பெட்டியையும் உடைச்சுக்கொண்டு போயிட்டுது. கிழவன் வேகமா ஓடியிருப்பான். அண்டைக்கு மைனஸ் முப்பத்தொண்டு, காற்று வேற. குளிருக்கு இரும்பு அப்பிடித்தான் உடையும், அது ஒரு விஞ்ஞானம். நான் அதைத்தான் எல்லாருக்கும் சொன்னனான்.

நாலு மணி போல இழுத்துக்கொண்டு வந்து சேந்தினம். சிலெட்டில கொலெத் கம்பளியால சுத்தின படி கிடக்கிறா, வாய் மூடிப் போச்சு, அண்டைக்குத்தான் அந்த மனிசி பேசாமல் இருந்து பாத்தனான். மெசின் நிண்ட இடத்தில பனிக்குக் கீழ தண்ணி நிண்டிருக்கு, இறங்கி உள்ளுக்குக் காலை வைச்சிட்டா. சப்பாத்து ஈரம். பிறகு நான் சொன்னனே பொம்பிளை விசயம் ஒண்டு இருக்கு எண்டு, அது இதுதான். இவன் அங்க ஏரிக்கு நடுவில என்ன செய்தவன் தெரியுமோ? அந்த மனிசியின்ர சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டி, தன்ர ஜாக்கெற்றைத் திறந்து, சேட்டையும் உயர்த்தி, அவவின்ர வெறுங்காலைத் தன்ர வயித்தில வைச்சுக்கொண்டு இருந்தவனாம். இருபது நிமிசம். புருசன் பக்கத்தில நிக்க! கிழவனே வந்து கண்கலங்கிச் சொன்னவன். எனக்கு வெக்கமாப் போச்சு. கலியாணம் கட்டாத பெடியன், ஊரான் ஒருத்தன்ர மனிசியின்ர காலை வயித்தில வைச்சிருக்கிறான். எங்கட ஆக்கள் கேள்விப்பட்டால் என்ன சொல்லுவினம்? உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தான் குறை சொல்லுவியள், அதாலதான் சொல்லுறன்.

ரெண்டு விரல் போச்சு, கொலெத்துக்கு. இடது காலில, சின்ன விரலும் பக்கத்து விரலும். முழுசா இல்லை, நுனி மட்டும். டொக்டர் சொன்னவர், இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் பாதமே போயிருக்கும் எண்டு. டொக்டர்மார் அப்பிடித்தான், பெரிசாச் சொல்லுவினம். அந்த வயசில விரல் நுனியை வைச்சு என்ன, நாட்டியமே ஆடப் போறா?

நீங்கள் ஏன் குடிக்காமல் வைச்சிருக்கிறியள்? ஆறுது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அடுத்த திங்கள் இவன் அந்தப் புஷ் வேலையைத் தொடங்கினான். நான் சொன்னன், சரி, செய், எனக்கும் பாக்க ஆசை எண்டு. அண்ணை, நீங்கள் பாத்திருக்க வேணும். முதல்ல உடைஞ்ச பெட்டிக்குள்ள இருந்து எல்லாத்தையும் எடுத்து, மண்ணெண்ணையில கழுவி, ஒரு வெள்ளைத் துணியில வரிசையா அடுக்கினான், கலியாண வீட்டில பலகாரத் தட்டு வைக்கிற மாதிரி. பிறகு வெண்கலத் துண்டை லேத்தில பூட்டிக் கடையத் தொடங்கினான். ஷாஃப்டை அளக்கிறான், கடையிறான், அளக்கிறான், கடையிறான். ஒரு முழுநாள். கடைஞ்ச புஷ்ஷில ஒரு ஊசி போற ஓட்டை போட்டான், ஒயில் போறதுக்கு. கியரிலயும் அதே மாதிரி ஓட்டை இருக்கும். ரெண்டு ஓட்டையும் நேர்நேராச் சந்திக்க வேணும், இல்லாட்டி ஒயில் உள்ளுக்குப் போகாது, திருப்பித் தேயும். அது எனக்கும் தெரியும். இவன் அதுக்குப் பென்சிலால ரெண்டிலயும் கோடு கீறி வைச்சான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பிறகு ரெண்டு புஷ்ஷையும் ஒரு பையில போட்டு முடிச்சுக்கட்டி வெளியில பனிக்குள்ள வைச்சான். எல்லாச் சாமானையும் பனியில இருந்து உள்ளுக்குக் கொண்டு வாறதுதான் மெக்கானிக் வேலை. இவன் உள்ளுக்கு இருக்கிறதை வெளியில கொண்டுபோய் வைக்கிறான். கேட்டால் சொல்லுறான், குளிரில சுருங்குமாம். கியரைக் கொண்டுபோய் என்ர மனிசியின்ர அவணில வைச்சான். சூட்டில விரியுமாம். சுருங்கினதை விரிஞ்சதுக்குள்ள போட்டால் தானா இறங்குமாம், அடிக்கத் தேவையில்லையாம். மனிசி அண்டைக்கு அவணில மீன் பற்றிஸ் வைக்க இருந்தவ, கியரை எடுக்கும் வரைக்கும் பொறுமையா நிண்டவ. எனக்காக ஒரு நாளும் அப்பிடிப் பொறுமையா நிண்டதில்லை.

எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சு. அவன் அவணடிக்குப் போன நேரம் நான் வெளியில இருந்து ஒரு புஷ்ஷை எடுத்து, மேசையில கிடந்த கீழ் கியரில வைச்சு, சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டினன். எப்பிடிச் செய்யிறது எண்டு காட்டுவம் எண்டு. அது வேற அளவு கியர், சரி, நான் கவனிக்கயில்லை. வாய் நசிஞ்சு போச்சு.

இவன் வந்தான். நசிஞ்சதைப் பாத்தான். காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள கையை விட்டு இன்னொரு புஷ்ஷை எடுத்தான். கடைஞ்சு, ஓட்டை போட்டு, எல்லாம் முடிஞ்ச புஷ். வெளியில கொண்டுபோய்ப் பனிக்குள்ள வைச்சிட்டு வந்து, அது குளிரும் வரைக்கும் நிலத்தைக் கூட்டினான்.

விளங்குதோ உங்களுக்கு? தேவையானது ரெண்டு. அவன் மூண்டு கடைஞ்சு வைச்சிருக்கிறான்! நான் ஒண்டை உடைப்பன் எண்டு அவனுக்கு முதலே தெரியும். முதலே கணக்குப் பண்ணி, எனக்கெண்டு ஒண்டு கடைஞ்சு, பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். முகத்துக்கு நேரை 'நீ மொக்கன்' எண்டு சொல்லியிருந்தால் கூட நான் மன்னிச்சிருப்பன். பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கிறான். எவ்வளவு கொழுப்பு இருக்க வேணும்? அந்த மூண்டாவது புஷ்ஷை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் சாப்பாடு இறங்காது.

புஷ் இறங்கினதுதான், ஓம். அவன் சொன்ன மாதிரியே. அவணில இருந்து எடுத்த கியருக்குள்ள பனிப் புஷ்ஷை வைக்க, ஒரு சத்தம் இல்லாமல் போய் இருந்தது. பென்சில் கோடு ரெண்டும் ஒரே கோடாச் சேந்தது. அதை நான் பாத்தனான். பாத்தனான் எண்டுதான் சொல்லுறன், வேற ஒண்டும் சொல்லயில்லை.

புதன்கிழமை றேமோன் மெசினை எடுக்க வந்தான். கொலெத் காரில, கால் கட்டோட. நான் முந்திக்கொண்டு சொன்னன், குளிர், இரும்பு, விஞ்ஞானம் எல்லாம். கிழவன் தலையாட்டிக்கொண்டு நிண்டான். இவன் நடுவில வந்து, அரைகுறைப் பிரெஞ்சில, "பிழை எங்கட. நாங்கள் அண்டைக்கு மெசினைத் தந்திருக்கக் கூடாது" எண்டு சொன்னான். நாங்களாம். ஆர் நாங்கள்? நான் ஒரு பிழையும் விடயில்லையே? செயின் தொய்ஞ்சிருந்தது, இழுத்தன், சத்தம் நிண்டது. அவன் சாப்பிடப் போனவன். அவன் நிண்டிருந்தால் நான் குடுத்திருப்பனோ? அப்ப பிழை அவன்ரதானே? தன்ர பிழையில எனக்கும் பங்கு தாறான். அதுவும் வாடிக்கையாளருக்கு முன்னால.

அண்டைக்கே சொல்லிப்போட்டன், தம்பி, இந்தக் கராஜில ஒரு வாய்தான் இருக்கலாம். போ எண்டன். அவன் தன்ர வேலை ஆயுதப் பெட்டியைக் கட்டினான். மனிசியிட்டப் போய்ச் சொல்லிக்கொண்டான். போகேக்க நிண்டு, அந்தக் கதவின்ர பிணைச்சலுக்கு ஒயில் விட்டான், அது கன நாளாக் கிறீச்சிடுறது. அதையும் துடைச்சுப் போட்டுப் போனான். விசரன்.

இப்ப பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி, பெற்றோல் ஸ்டேசனுக்குப் பின்னால, ஒரு நீலக் கதவுக் கராஜ். ரெண்டு நாள், மூண்டு நாள் எண்டு சொல்லுவான், சனம் காத்துக்கொண்டு நிக்குது! றேமோன் அங்கதான் போறவன். அவன்ர கதை கேட்டு மற்றவையும் அங்கதான். இந்தச் சனத்துக்கு நேரத்தின்ர அருமை தெரியாது. என்ர வீட்டிலயும் அதே கதைதான். பொங்கலுக்கு மனிசி அவனுக்குப் புக்கை கட்டிக் குடுத்துவிடுறா. ஆரணி என்னட்ட, "அப்பா, நீங்கள் ஒருக்காப் போய்க் கதைச்சால் என்ன" எண்டு கேக்கிறாள். நான் ஏன் கதைக்க வேணும்? நான் என்ன பிழை விட்டனான்?

இவ்வளவும்தான் அண்ணை. மினக்கேடு, கேளாமல் சாமான் எடுக்கிற பழக்கம், ஊரார் மனிசியின்ர காலைத் தொடுறது, மனிசரை முதலே கணக்குப் போட்டு வைக்கிறது, வாடிக்கையாளருக்கு முன்னால வாயைத் திறக்கிறது. இதுக்கு மேல என்ன வேணும்? உங்கட வீட்டுக்கு வந்தும் எல்லாத்துக்கும் ஒண்டு கூடக் கடைஞ்சு பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிவான். உங்களிட்ட ஒண்டு மட்டும் கேக்கிறன். இவ்வளவு தூரத்தில என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சனியள்? என்ர பேர் அங்க ரொறன்ரோ வரைக்கும் தெரியுமோ?

என்ன?

அவனே குடுத்தவனோ?

என்ர பேரை? என்ர நம்பரை? அவன் தன்ர வாயால?

இல்லை, இருங்கோ. திருப்பிச் சொல்லுங்கோ. என்ன சொன்னவன்? 'என்னைப் பற்றி மகேன் அண்ணைட்டக் கேளுங்கோ. நல்லா ஏசுவார். ஆனால் நடந்ததை நடந்த மாதிரிச் சொல்லுவார்.' அப்பிடியே சொன்னவன்?

பாத்தியளோ. பாத்தியளோ அவன்ர கொழுப்பை. இதையும் கணக்குப் பண்ணி வைச்சிருக்கிறான். நான் என்ன சொல்லுவன் எண்டு அங்க இருந்துகொண்டே...

சிரிக்காதையுங்கோ அண்ணை. சிரிக்க இதில என்ன இருக்கு?

சரி, எழும்புறியள். அங்கதான் போறியளோ? போங்கோ, நான் ஆர் மறிக்க. வெளிக்கிட்டு இடப்பக்கம் திரும்பி நேர போங்கோ, பெற்றோல் ஸ்டேசன் வரும், பின்னால நீலக் கதவு. குடுக்கலாமோ எண்டு என்னட்டக் கேக்காதையுங்கோ. நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். கட்டினால் உங்கட பிள்ளையின்ர பாடு.

அண்ணை, ஒரு நிமிசம்.

இந்தக் கியரை ஒருக்காக் கொண்டுபோய் அவனிட்டக் குடுங்கோ. இந்தா, துணியால சுத்தித் தாறன். ஷாஃப்டின்ர அளவு இந்தக் கடதாசியில இருக்கு, அவன் நம்ப மாட்டான், தானும் ஒருக்கா அளக்க எண்டு வருவான், வரட்டும். இல்லை, வரத் தேவையில்லை, ஷாஃப்டையும் கழட்டித் தாறன், பொறுங்கோ. புஷ் ரெண்டும் புதுசாப் போட வேணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும், பிள்ளை ஏரி தாண்ட வேணும். ஆரணி போய் எடுப்பாள்.

ஓட்டை ரெண்டும் நேர வர வேணும் எண்டு சொல்லுங்கோ. இல்லை, அது சொல்லத் தேவையில்லை. அவன் பாப்பான்.

ஆர் தந்தது எண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லுங்கோ. என்ர பேர் வாயில வரக் கூடாது. ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. ரெண்டு கடைஞ்சால் காணுமாம். மூண்டாவது இந்த முறை தேவைப்படாதாம்.